பாதி மாத்திரை

பிற்பகல் மூன்று இருபது. பள்ளியில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்த அழைப்பை நான் இன்னும் செல்போனிலிருந்து அழிக்கவில்லை. மகள் பெயர், அதற்குக் கீழே மூன்று இருபது.

"அம்மா, காலு நெருப்பா சுடுது. வீங்கிப்போய்க் கெடக்கு. செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது."

"மாத்திரை ஒழுங்கா போட்டியா பாப்பா?"

"போட்டேன்மா. சித்தப்பா சொன்ன மாதிரியேதான் போட்டேன்."

டாக்டர் சொன்ன மாதிரி என்று அவள் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் உறைத்தது.

மகள் மதுரையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்தவள், வீட்டில் போரடிக்கிறது என்று என் கணவரின் தம்பி வீட்டுக்கு, மன்னவனூருக்குப் போயிருந்தாள். கொழுந்தனுக்கு அங்கே கேரட் தோட்டம் இருக்கிறது. அறுவடை நேரம். கேரட்டைக் கழுவும் சிமெண்ட் தொட்டியில் இறங்கி விளையாட்டாக மிதித்துக்கொண்டிருந்தவள் வழுக்கி விழுந்து, தொட்டியின் விளிம்பில் கெண்டைக்கால் கிழிந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் மண்ணும் எருவும் ஆட்டுப்புழுக்கையும் சேர்ந்து கிடக்கும். சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து, அட்டை தீரும்வரை காலையும் மாலையும் ஒவ்வொன்று போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே இதை என்னிடம் போனில் சொன்னாள். சரியான மருந்து, சரியான அளவு. நான் நிம்மதியாகப் போனை வைத்தேன்.

கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.  

அவனுக்குக் கொடைக்கானலுக்குள், ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கடை உண்டு. யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லேட், மலைத்தேன், இவற்றோடு அவனே காய்ச்சி வடித்துப் பாட்டிலில் அடைக்கும் பச்சை நிறச் சாறு. குப்பைமேனி, துளசி, மஞ்சள், கூடவே மேல்மலைச் சோலையில் பறித்ததாகச் சொல்லும் ஓர் இலை. அதன் பெயரைக் கேட்டால் மட்டும் சிரிப்பான். கல்லாவுக்கு மேலே ஒரு பத்திரிகைத் துணுக்கை லேமினேட் செய்து மாட்டியிருந்தான். மருந்துக்கு அடங்காத கிருமிகளை, மூலிகைச் சாற்றையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து அடக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்துவருகிறார்கள் என்ற செய்தி. செய்தியின் கடைசி வரி, இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது என்று முடியும். லேமினேட் செய்யும்போது அந்த வரியை வெட்டிவிட்டான்.

"சார், இது வெறும் பச்சிலை இல்ல. சயின்ஸ்" என்று சுற்றுலாக்காரர்களிடம் அந்தத் துணுக்கைக் காட்டுவான். "இங்கிலீஷ் மருந்து தனியாப் போனா கிருமி கதவைச் சாத்திக்கும். நம்ம சாறு போய்க் கதவைத் திறந்துவிடும். அப்புறம் மருந்துக்குப் பாதி டோஸே யதேஷ்டம்."

எத்தனையோ முறை அந்தக் கடையில் நின்று இதைக் கேட்டிருக்கிறேன். எல்லாரையும்போல வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். தன் பேச்சைத் தானே நம்புகிறவன் என்று தெரியாது. பொய் சொல்லி விற்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க மாட்டான். இவன் கொடுத்தான்.

அந்த அழைப்பு வந்த அன்று சாயங்காலம் அவனே மகளைத் தன் பிக்கப் வண்டியில், பின்னால் கேரட் மூட்டைகளோடு, கொடைக்கானலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்தார். காயத்தைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே செக்கச்செவேலென்று ஏறியிருந்தது. அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டை அது தாண்டுதான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

காலையில் தாண்டியிருந்தது. கோடு ஏதோ ஒரு தீவின் கரைபோல உள்ளே கிடக்க, சிவப்பு முழங்காலில் இருந்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சீசன் நேரம். வத்தலக்குண்டு சாலையில் அருவிக்குப் பக்கத்தில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். "அடுக்கம் வழியா இறக்கிருவோங்க. ரோடு ஒடுக்கம், ஆனா வெரசா பெரியகுளம் போயிரலாம்." அவர் சொன்னபடியே இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் மகளின் காலை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சலில் அவள் உளறாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

"மாத்திரை தீந்துருச்சாடி?"

"இல்லம்மா, இன்னும் நெறைய கெடக்கு. பாதி பாதியாத்தானே போட்டேன்."

"என்ன பாதி?"

"சித்தப்பாதான் கேரட் கொண்டை வெட்டுற கத்தில ரெண்டா வெட்டித் தருவாங்க. முழுசாப் போட்டா குடல் வெந்துரும், சாறோட சேந்தா பாதியே முழுசுன்னாங்க. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு மூடி சாறு." அப்புறம், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொத ரெண்டு நாள் நல்லா காய்ஞ்சுச்சும்மா. போட்டோகூட எடுத்தாங்க" என்றாள்.

அந்தப் போட்டோவை நான் பார்த்திருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். மேலே மட்டும் பொருக்குத் தட்டிய காயம். 'நம்ம சாறு. மூணாம் நாளே காய்ஞ்சிருச்சு.' கீழே சொந்தக்காரர்கள் போட்ட பூக்கள், கைதட்டல்கள். மாத்திரையை வெட்டியதை மட்டும் எழுதவில்லை. பொருக்குக்கு அடியில் என்ன வளர்ந்துகொண்டிருந்தது என்பது எந்தப் போட்டோவிலும் தெரியாதுதான்.

அடுக்கத்துக்குக் கீழே ஒரு வளைவில்தான் நான் முடிவு செய்தேன். இவளுக்கு எது ஆனாலும், ஆகாவிட்டாலும், அவனை விடக்கூடாது. என் வாழ்க்கையில் அதற்கு முன்பு யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு தெளிவாக, நிதானமாக, பாடத்திட்டம் போடுவதுபோல நினைத்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காயத்தின் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் சோதனை. ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதிரில் ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போயிற்று. அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது என்று அர்த்தம். கடைசியில் மட்டும் சில எஸ். அந்த எஸ்களில் ஒன்றைத்தான் சொட்டுச் சொட்டாக அவள் நரம்பில் ஏற்றினார்கள். அதோடு ஆபரேஷன் செய்து அழுகிய சதையை எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள்.

"நிக்கலேன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்" என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். சின்ன வயது. என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. "கையெழுத்து இப்பவே வாங்க மாட்டேன் மேடம். ஆனா மனசைத் தயார் பண்ணிக்கங்க."

நான் தயார் பண்ணியது வேறொன்றை. அந்தப் பச்சைப் பாட்டிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். இது அயோக்கியத்தனம், முழுப்பொய் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அதை அப்படியே ஊரில் போய்ச் சொல்ல வேண்டும்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "முழுப்பொய்னு சொல்ல முடியாது மேடம். சில கிருமி மருந்தை உள்ள விடாது. சிலது உள்ள வந்த மருந்தை பம்ப் வச்ச மாதிரி வெளிய தள்ளிரும். சில செடியோட சத்து அந்தப் பம்பை அடைக்குதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. அப்ப அதே மருந்து மறுபடி வேலை செய்யுது. ஆனா அது கண்ணாடித் தட்டுல. மனுஷ உடம்புல எந்தச் செடி, எவ்வளவு, ஈரலுக்கு என்ன பண்ணும்னு ஒண்ணும் முடிவாகல. மாத்திரையைக் குறைச்சுக்கலாம்னு எந்த ஆய்வுக்காரரும் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப பாதி மாத்திரைதானே இதைச் செஞ்சுது?"

அவர் யோசித்தார். அந்த யோசனையை நான் வெறுத்தேன். "கிருமி முதல்லயே முரட்டுக் கிருமியா இருந்திருக்கலாம். அந்தத் தண்ணியில என்னென்ன இருந்துச்சோ. பாதி மாத்திரை அதுக்கு எடமும் நேரமும் கொடுத்திருக்கும். இவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

இருந்திருக்கலாம். கொடுத்திருக்கும். எனக்கு வேண்டியது இந்தச் சொற்கள் அல்ல. வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவர் நேர்மையாகப் பேசுகிறார் என்று புரிந்தது. புரிந்தும் மன்னிக்க மனம் வரவில்லை, அவரைக்கூட.

கால் மிஞ்சியது. கெண்டைச் சதையில் பாதி போய்விட்டது. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். நடப்பாள், ஓடமாட்டாள் என்றார்கள். பாதம் தானாகத் தூக்காது, தரையை இழுத்துக்கொண்டுதான் வரும். இத்தனைக்கும் கொழுந்தன் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அண்ணனிடம் போனில் மட்டும் பேசினான். என் கணவர் ஒரு ஓட்டலில் மேலாளர். எல்லாரையும் சமாதானப்படுத்தியே சம்பளம் வாங்குகிறவர்.

"அவன் பயந்து போயிருக்கான்டி. ஒன் மூஞ்சில முழிக்கப் பயம்."

"என்ன சொல்றான்?"

"அது முரட்டுக் கிருமின்னு டாக்டரே சொல்லிட்டாங்களாமே, நான் என்ன அண்ணே பண்ணுவேங்கிறான்."

டாக்டரின் நேர்மையை எடுத்து அவன் தன் கவசமாகப் போட்டுக்கொண்டான். அதை அவனிடம் சொன்னது யார் என்று கேட்டேன். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் என் வாசலுக்கு வர வேண்டும். அந்தக் காலைப் பார்க்க வேண்டும். 'நான்தான் மதினி வெட்டிக் கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவனை மன்னிப்பதா, முகத்தில் கதவைச் சாத்துவதா என்பதை நான் முடிவு செய்வேன். சாத்துவதாகத்தான் இருந்தேன்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போனேன். எதிர் வரிசையில் அவன். பூசை நடுவில் சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பார்; எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்புவோம். அவன் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவன்போல நடைபாதையைத் தாண்டி வந்து என் முன்னால் கைகூப்பி நின்றான். கோயில் முழுக்கப் பார்த்தது. வாசலுக்கு வரத் துணியாதவன், நான் மறுக்க முடியாத இடமாகப் பார்த்து வந்திருக்கிறான் என்று புரிந்தது. அவனைத் தாண்டி அவன் பின்னால் இருந்த தூணுக்குக் கைகூப்பினேன். நன்றாகத் தலை குனிந்து. என் பக்கத்தில் நின்ற பாடகர் குழுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, இருமி அடக்கினாள்.

பள்ளி விடுமுறை விட்டதும் என் வேலையைத் தொடங்கினேன்.

கொழுந்தன் கடைக்கு நேர் எதிரே சாக்லேட் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அவனை முன்பே பிடிக்காது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு வெள்ளனே போய் உட்கார்ந்துவிடுவேன். கல்ச்சர் ரிப்போர்ட்டில் மகள் பெயரை மறைத்து, பெரிதாக நகலெடுத்து, அவன் செய்த மாதிரியே லேமினேட் செய்து மடியில் வைத்துக்கொள்வேன். அவன் கடையில் யாராவது பச்சைப் பாட்டிலைக் கையில் எடுத்ததும் எழுந்து போவேன்.

"வணக்கம். அந்த பேப்பர் கட்டிங் படிச்சீங்களா? இதையும் படிங்க. ரெண்டும் ஒரே சயின்ஸ்தான்."

அப்புறம் செல்போனில் அவன் குழுவில் போட்ட போட்டோ. அடுத்து நான் ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோ. ஒரு கோயம்புத்தூர்ப் பெண் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்ததும் நான்தான்.

முதல் நாள் அவன் கெஞ்சினான். "மதினி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் மதினி."

"பேச வரல. யாவாரம் பாக்க வந்திருக்கேன்."

"சீசனுங்க மதினி. புள்ளகுட்டி இருக்கு எனக்கும்."

"ரெண்டு காலோடதானே இருக்கு? நல்லா இருக்கட்டும்."

எதிர்க்கடை அக்கா, "டீச்சர், காபி சொல்லவா? தொண்டை வறண்டுறப் போகுது" என்று உரக்கக் கேட்டார். எனக்குத் தொண்டை வறளவே இல்லை. வகுப்பில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய தொண்டை.

சில நாட்களில் அவன் பாட்டில்களை உள்ளே ஒளித்தான். கேட்பவர்களுக்கு மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். நான் ஆள் விட்டு ஒன்றை வாங்கி, பில்லோடு, ரிப்போர்ட்டோடு, அவன் போட்ட வாட்ஸ்அப் படத்தோடு சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதினேன். அனுமதி இல்லாத மருந்து, பொய் விளம்பரம், டாக்டர் எழுதிய அளவைக் குறைக்கச் சொல்லுதல் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே நல்ல எழுத்து அதுதான். அதிகாரிகள் வந்தார்கள். பாட்டில்களை எடுத்துப் போனார்கள். கடையின் இரும்புக் கதவு இறங்கியது. இறங்கும் சத்தத்தை எதிரே நாற்காலியில் இருந்து கேட்டேன். எழுந்து வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"கடையை மூட வச்சிட்ட. இப்ப சந்தோஷமா?" என்றார் கணவர்.

"இல்ல. அவன் இன்னும் வரல."

"இதுக்கு மேல எப்படி வருவான்?"

அது உண்மைதான். ஆனாலும் காத்திருந்தேன். வெளி கேட் திறக்கும் ஓசை கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்தேன். தபால்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு நாய். ஒவ்வொரு முறையும் அவனுக்காகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் வாயிலேயே திரும்பிப் போயின. மகள் ஒருநாள், "அம்மா, நான் நடக்குறதைப் பாக்குறதவிட நீ கேட்டைத்தான் அதிகமாப் பாக்குற" என்றாள்.  அவளுக்குச் சித்தப்பா மேல் என்னைப்போலக் கோபம் இல்லை என்பது எனக்கு இன்னொரு கோபம்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் கேட் திறந்தது. ஆளின் நிழல் தெரிந்ததும், அவன்தான் என்று கதவை அகலத் திறந்தேன்.

ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு சின்னப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முழங்கையில் துணிக்கட்டு. மேல்மலையில் இருக்கும் போளூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்தாளாம். கடை பூட்டிக் கிடக்கிறது, பக்கத்துக் கடையில் விசாரித்தால் அவங்க அண்ணன் வீடு இதுதான் என்று கைகாட்டினார்களாம்.

"டீச்சரம்மா, அந்தப் பச்சைச் சாறு வீட்டுல இருக்குங்களா? ஒரு பாட்டில் போதும். பாப்பாவுக்குக் கையில கட்டி. டாக்டர் மருந்து எழுதிக் குடுத்திருக்காரு. சாறு தீந்து போச்சு."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தை முழு அளவில் கொடுக்க வைத்தார்கள். கட்டி வடிந்துவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அது அல்ல. வாசலில் நடந்தது.

சத்தம் கேட்டு மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதம் தரையில் இழுபடும் ஒலி முன்னால் வந்தது. வந்தவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். நைட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். ஒட்டுப்போட்ட தோல் பளபளவென்று, உள்ளே சதை இல்லாமல் குழிந்து கிடந்தது.

"அந்தச் சாறும் மாத்திரையும்தாங்க்கா" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. இவளாவது புரிந்துகொண்டாள் என்று நான் மூச்சு விட்டேன். அவள் நிமிர்ந்து, என் மகளின் கன்னத்தைத் தொட்டு, மிகுந்த இரக்கத்தோடு சொன்னாள்:

"ஆத்தாடி. மாத்திரையை முழுசாப் போட்டுட்டியா தாயி? பாதிதானே போடச் சொன்னாரு."